ஆறாவது குழி

"டூகல் அழுகுணி ஆட்டம் ஆடறான் எஃபி. இன்னிக்கு வீடியோவோட பிடிச்சிட்டேன்."

லாக்லன் செல்போனை என் மேஜைமேல் வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது. முகத்தில் அப்படி ஒரு குதூகலம். லாட்டரி விழுந்தவன்கூட இவ்வளவு சிரிக்கமாட்டான்.

லாக்லன், டூகல், நான் மூவரும் ஒரே வகுப்பு. இப்போது மூவருக்கும் அறுபத்தெட்டு வயது. லாக்லன் ஃபெர்ரி கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். டூகல் கறிக்கடை வைத்திருந்தவன். நான் எங்கள் தீவு கோல்ஃப் கிளப்பின் செயலாளர். ஒன்பது குழி, நாற்பது உறுப்பினர்கள், யாருக்கும் அடங்காத ஆடுகள், ஸ்காட்லாந்திலேயே மோசமான காற்று. இதுதான் எங்கள் கிளப்.

இருபது வருஷமாகச் சனிக்கிழமைகளில் இவர்கள் இருவருக்கும் போட்டி. குறைந்த அடியில் பந்தைப் போடுபவனுக்கு அந்தக் குழி, அதிகக் குழி எடுத்தவனுக்கு வெற்றி. கண் மங்கியதிலிருந்து லாக்லனுக்கு மஞ்சள் பந்து. டூகலுக்கு எப்போதும்போல வெள்ளை. இந்தக் கோடை முழுக்க டூகல்தான் ஜெயித்தான். அதுவும் ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே ஒரு குழி வித்தியாசத்தில்.

அதுதான் லாக்லனுக்குப் பொறுக்கவில்லை. ஆறாவது குழிக்குப் போகும் வழியில் இடது பக்கம் பெரிய முட்புதர் இருக்கிறது. டூகல் வாராவாரம் அதற்குள் நுழைந்து காலால் எதையோ உதைப்பது கடைக்கண்ணில் மங்கலாகத் தெரிகிறதாம். தன் பந்தைத்தான் நைசாக வெளியே தள்ளுகிறானாம்.

அதற்காக லாக்லன் ஒரு திட்டம் போட்டான். மட்டை வீச்சில் என்ன குறை என்று பார்த்துத் திருத்திக்கொள்ள இப்போதெல்லாம் அவரவர் தன்னையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாக்கை வைத்து, ஆறாவது குழிக்கு அடிக்கும் இடத்தில் போனை ஒரு குட்டி முக்காலியில் நிறுத்தியிருக்கிறான். முன்னால் அவன், பின்னால் புதர். இரண்டுக்கும் நடுவே ஒரு கல்லெறி தூரம்தான்.

"கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். நீ பாத்துச் சொல்லு. அரை மணியில எல்லாரும் சூப் குடிக்க வந்துடுவாங்க. பெரிய டிவியில போடப்போறேன்."

ஏமாற்றி ஆடியவனின் பெயரை வாசலில் இருக்கும் உறுப்பினர் பலகையிலிருந்து அழித்து விலக்கிவிடுவது எங்கள் வழக்கம். அழிக்க வேண்டியவள் செயலாளர், அதாவது நான். பெண்டாட்டி செத்த பிறகு டூகலுக்கு இந்தக் கிளப்பை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

வீடியோவை ஓட்டினேன்.

முதலில் லாக்லன் மட்டையை ஓங்கினான். முழங்கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், தலை வானத்தைப் பார்த்தபடி. சேற்றில் மாட்டிய ஆட்டை இழுப்பவன்கூட இதைவிட அழகாக நிற்பான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. டூகலைப் பாரு."

அடித்த கையோடு லாக்லன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடி கோணலானால் அவன் எப்போதும் அப்படித்தான். இரண்டு நிமிஷம் காற்றைத் திட்டினால்தான் அவனுக்கு மனசு ஆறும்.

அந்த இரண்டு நிமிஷத்தில் டூகல் தெரிந்தான். மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு புதரை நோக்கி ஓடினான். முள்ளுக்குள் காலை விட்டு உதைத்தான். பந்து துள்ளி வந்து புல்லில் உருண்டது.

"உதைச்சானா?"

"உதைச்சான்."

"நான் சொல்லல?" லாக்லன் மேஜையில் தாளம் போட்டான்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

"லாக்லன், பந்து மஞ்சள்."

தாளம் நின்றது.

"என் பந்து புதருக்குள்ள போகவே போகாது. கல்லுல பட்டு வெளிய வந்துடும்."

"எல்லா வாரமுமா?"

போனைப் பிடுங்கி மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தான். மறுபடியும் ஓட்டினான். மூன்றாவது தடவை அவன் குரல் இறங்கிவிட்டது.

"எதுக்கு இப்படிச் செய்யறான்? எப்படியும் ஜெயிக்கறது அவன்தானே?"

"போன குளிர்காலம் அஞ்சு குழி வித்தியாசத்துல தோத்துட்டு, ஆறு வாரம் நீ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. டூகல் வந்தான். ஆறு சனிக்கிழமையும் ரெண்டு கிண்ணம் சூப் வாங்கி வெச்சுக்கிட்டு, அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தான்."

லாக்லன் ஜன்னலைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியாக டூகல் வந்தான், காலுறையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. வழியெல்லாம் லாக்லன் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்ததால், தபால்காரர் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடியோ எங்கே என்று கேட்டார்.

லாக்லன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"என் வீச்சைத்தான் படம் எடுத்தேன். குறை தெரிஞ்சுபோச்சு."

"என்ன குறை?" என்று கேட்டது, அதற்குள் சூப் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்ட டூகல்.

"அடிச்ச உடனே திரும்பிக்கறேன். பந்து எங்க போகுதுன்னு பாக்கறதே இல்ல."

டூகலின் கரண்டி பாதி வழியில் நின்றது. "அப்ப இனிமே பாப்பியா?"

"பாக்கணும்டா" என்றபடி லாக்லன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அடுத்த சனிக்கிழமை தொலைநோக்கியும் கையுமாக என் அறை ஜன்னலிலிருந்து ஆறாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாக்லன் அடித்த மஞ்சள் பந்து நேராக முட்புதருக்குள் போய் விழுந்தது. அது விழுந்த இடத்தை அவன் நன்றாகப் பார்த்தான்.

பிறகு கடல் பக்கம் திரும்பி, முழுசாக ஐந்து நிமிஷம் காற்றைத் திட்டினான்.

அன்றைக்குத் தீவில் ஒரு புல்கூட அசையவில்லை.