உரிமம் வராத கெட்டிமேளம்

கெட்டிமேளச் சத்தத்தை ஒரு கல்யாண கான்ட்ராக்ட் கம்பெனி தன் சொத்தாகப் பதிவு செய்திருந்தது. அதை வாசிக்கக் கேட்டிருந்த உரிமம், முகூர்த்தம் முடியப்போகும் நேரத்திலும் வரவில்லை. தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சேந்தன் தாலியை ஏந்தியபடி விழித்தான்.

"சத்தமில்லாம கட்டக் கூடாதுப்பா. நடுவுல எவனாவது தும்மிட்டா அபசகுனம்" என்றார் புரோகிதர்.

மணப்பெண் பொன்னெழில், சேந்தனின் தாய்மாமனிடம் பணிவாகக் கேட்டாள். "மாமா, எங்க வீட்டுக் காப்பி நல்லா இருந்துச்சா?"

"அது காப்பியாம்மா? கழனித்தண்ணி!"

"யாரு வீட்டுக் காப்பிய கழனித்தண்ணிங்கற?" என்று பெண்ணின் சித்தப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு வீட்டாரும் கத்தியதில் மண்டபமே அதிர்ந்தது. சேந்தன் நிம்மதியாக மூன்று முடிச்சும் போட்டான்.

மறுநாளே தாய்மாமன் அந்தச் சண்டையைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். இப்போது எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அவருடைய அனுமதி இல்லாமல் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.