கேப்டனுக்கு முகச்சவரம்

மகாரின் சவரக் கத்தி கேப்டன் வெரிகினின் தொண்டைக்குழியில் வந்து நின்றது.

"என்னப்பா, இன்னிக்கே என்னை முடிச்சிடப் போறியா?" என்றார் கேப்டன், கண்ணைத் திறக்காமல்.

"ஐயோ, முடியப் போறது நான்தாங்க ஐயா!"

சராத்தோவ் நகரத்துப் புரட்சிக்காரர்களைப் பொறுத்தவரை, ஜாரின் ரகசியப் போலீஸ் கேப்டன் வீட்டுக்குள் அவர்கள் நுழைத்துவிட்ட ஒற்றன் இந்த மகார். உண்மையில், தினமும் சோப்பு நுரை பூசும் நேரத்தில் அவர்களுடைய ரகசியங்களைத்தான் அவன் கேப்டனிடம் கொட்டிக்கொண்டிருந்தான். வெரிகினுக்கு முன்பிருந்த கேப்டன் காலத்தில், அவர்களில் ஒருத்தியான கிளாஷாவின் அண்ணன் தூக்கு மேடை ஏறியதும் அப்படித்தான்.

"கூட இருந்தே காட்டிக் கொடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு மோப்பம் பிடிச்சிட்டாங்க ஐயா."

"நீதான்னு தெரிஞ்சுபோச்சா?"

"கிளாஷா எப்பவும் என் டீக்கு ரெண்டு கட்டி சர்க்கரை குடுப்பா. இன்னிக்கு வெறும் டீ! முறைப்பு வேற."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். கன்னத்து நுரை சட்டைக் காலரில் தெறித்தது.

"சிரிக்காதீங்க ஐயா. மதியம் கூட்டம். வழக்கமான இடத்தைக்கூட காலையில திடீர்னு மாத்திட்டாங்க. நான் போகமாட்டேன்!"

"போகாதே. அந்தப் புது இடம், தொப்பி தைக்கிறவ வீடு, அதுக்கு ஒரே வாசல். மாட்டினா தப்பிக்க முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" மகாருக்கு அழுகையே வந்துவிட்டது.

கேப்டன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அழாதேடா. அஸ்த்ரகான் போற கப்பல் துறையில நிக்குது. என் வண்டியிலேயே போ. போலீஸ் கேப்டன் வண்டியை எவன் மறிப்பான்?"

மகார் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். கத்தி, கிண்ணம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் படியிறங்கி ஓடினான். பாதிச் சவரத்தோடு கேப்டனும் பின்னாலேயே வந்து, வண்டிக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் மகார் எதிர் இருக்கையைப் பார்த்தான். திரை மறைவில் கிளாஷா உட்கார்ந்திருந்தாள், இருபுறமும் இரண்டு தடியர்களோடு.

"ஐயா!" என்று அலறினான் மகார். "என்னைப் பத்தி இவங்ககிட்ட யாரு சொன்னது?"

கேப்டன் கதவைச் சாத்தினார்.

"நான்தான், தோழரே."