முடிச்சை அவிழ்த்தவன்

"ஒலிண்டோ, உன் படகுல எவனோ ஏறியிருக்கான்" என்றாள் நோர்மா, கடை வாசலில் நின்றபடி.

கையில் இருந்த வைன் கிளாஸை அப்படியே மேஜையில் வைத்தேன். தினமும் பதினொரு மணிக்கு நோர்மா கடையில் ஒரு கிளாஸ், நின்றபடியே குடித்துவிட்டுப் போவேன். அஞ்சு நிமிஷ வேலை. எதிரே இருக்கிற படித்துறையில் படகைக் கட்டிவிட்டு வருவேன்.

"கப்பல்காரனா?" என்று கேட்டான் பக்கத்தில் நின்ற என் கூட்டாளி பெர்த்தோ.

"சட்டையில ஸ்டிக்கர் இருக்கே. இருபத்தேழாம் நம்பர்."

எனக்கு வந்ததே கோபம். காலையில் கப்பல் கப்பலாகச் சுற்றுலா ஆட்களை வெனிஸில் கொண்டுவந்து கொட்டுவார்கள், சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் நாம் பாலம் ஏறி இறங்க முடியாது. வாசற்படியில் உட்கார்ந்து தின்பார்கள். ஜன்னலில் காயப்போட்ட என் பனியனைக்கூட ஒருத்தி போட்டோ எடுத்தாள். இப்போது என் படகிலுமா?

ஓடினேன். குண்டான ஆள், அரைக்கால் டிராயர், நீலத் தொப்பி. போன வாரம்தான் பெயிண்ட் அடித்த பலகையில் ஷூ காலோடு நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உங்கப்பன் வீட்டுப் படகா அது? எறங்குடா."

அவன் பாஷையில் என்னமோ சொன்னான். மேலே கையைக் காட்டினான்.

"மேல என்னடா? போட்டோ எடுக்கணுமா? வா, நானே நல்லா எடுத்து விடுறேன்."

பின்னாலேயே வந்த பெர்த்தோ சிரித்தான். "அவனைத் தண்ணியில தள்ளு ஒலிண்டோ. கப்பலுக்கு நீந்தியே போகட்டும்."

சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டேன். முழங்கால் கல்லில் தேய்ந்து ரத்தம் வந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. மறுபடியும் மேலேயே காட்டினான். நான் எங்கே பார்த்தேன்? குனிந்து, கயிற்றை முன்னைவிட இறுக்கி, ரெண்டு முடிச்சாகப் போட்டேன்.

அப்போதுதான் சைரன் கேட்டது.

கால்வாய் வளைவில் ஆம்புலன்ஸ் படகு திரும்பி, நேராக எங்கள் படித்துறைக்கு வந்தது. அங்கே என் படகு கிடந்தது. ரெண்டு பக்கமும் தண்ணீரிலிருந்தே எழும்புகிற சுவர், வேறு இடம் கிடையாது. 'ஆம்புலன்ஸ் தவிர யாரும் கட்டக் கூடாது' என்று பலகை இருக்கத்தான் இருக்கிறது. அஞ்சு நிமிஷம்தானே என்று எங்கள் ஆட்கள் எல்லாருமே அங்கேதான் கட்டுவோம்.

நிமிர்ந்து பார்த்தேன். மூணாவது மாடி ஜன்னலில் வாண்டா என் படகைக் காட்டிக் காட்டி ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கத்தினாளோ, தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அவருக்கு மூச்சு வரலை ஒலிண்டோ. படகை எடுங்க."

அவர் என்றால் அவள் புருஷன் உல்தெரிக்கோ. நாற்பது வருஷமாக ஒரே படகில் எனக்கு முன்னால் நின்று துடுப்புப் போடுகிறவன்.

குனிந்து கயிற்றை இழுத்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. இருபத்தேழாம் நம்பர்க்காரன் என்னை ஒதுக்கிவிட்டுக் குனிந்தான். நகத்தாலும் பல்லாலும் பிய்த்து அவிழ்த்தான். படகுக்குள் குதித்து, வெறும் கையால் சுவரை உந்தி உந்திப் படகை அந்தப் பக்கம் கொண்டு போனான். ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது.

அவனோடு வந்த கூட்டம், முன்னால் போன வழிகாட்டியின் மஞ்சள் கொடியைப் பார்த்தபடி எப்போதோ பாலம் தாண்டிப் போயிருந்தது. இவன் ஒருத்தன்தான் ஜன்னலை அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

உல்தெரிக்கோவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாண்டா அவன் கையைப் பிடித்தபடி கூடவே ஏறினாள். ஆக்சிஜன் மாட்டிவிட்டு டாக்டரம்மா திரும்பினாள்.

"உயிர் இருக்கு. ஆனா நாலு நிமிஷம் வீணாப் போச்சு. இங்க படகைக் கட்டினது யாரு?"

படித்துறையில் நின்ற எல்லாரும் தண்ணீரைப் பார்த்தோம்.

அவள் படகைப் பார்த்தாள், படகில் நின்றவனைப் பார்த்தாள். "நீதானா? வாடகைக்குப் படகு எடுத்தா கண்ட இடத்துல கட்டிடுவியா? மேல ஒரு உயிர் துடிச்சுக்கிட்டு இருந்துச்சுய்யா."

அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்த அம்மா கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினான். காலையிலிருந்து எங்கள் ஊரில் திட்டு வாங்கி வாங்கி அவன் கற்றுக்கொண்ட ஒரே ஒரு சொல்லைச் சொன்னான்.

"மன்னிச்சிடுங்க."

பெர்த்தோ என்னைப் பார்த்தான். நோர்மா என்னைப் பார்த்தாள். வாண்டா குனிந்த தலை நிமிரவில்லை, அவள் காதில் எதுவும் விழுந்திருக்காது. அது யார் படகு என்று அந்தத் தெருவுக்கே தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"இந்த ஆளோட பேரு, விவரமெல்லாம் வாங்கி வைங்க. போலீசுக்கு எழுதணும்" என்றாள் டாக்டரம்மா எங்களிடம்.

"நீங்க கெளம்புங்க டாக்டர், இவனை நாங்க பார்த்துக்கிறோம்" என்றேன் நான். "இந்தக் கப்பல்காரங்களால எங்களுக்குத் தினமும் இதே தொல்லைதான்."