மிச்ச மாத்திரை

சந்தைத் திடலில் கூத்து தொடங்கும் நேரத்தில் கிழட்டுச் சேவலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வைத்தியர் வேஷம் அதனுடையது. இன்று பாடாவிட்டால் வேஷம் வாத்துக்குப் போய்விடும். வாத்து அப்போதே ஓரமாக நின்று குரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

“அது பாடினா நோயாளி எழுந்து ஓடிடுவான், அண்ணே,” என்றது சேவலைப் பார்க்க வந்த வெள்ளாடு. “என் கால் புண்ணுக்குக் கொடுத்த, கிருமியைக் கொல்ற மாத்திரை மிச்சம் இருக்கு. நொண்டல் நின்னதும் நான் நிறுத்திட்டேன். ஒண்ணு போட்டுக்குங்க.”

சேவல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விழுங்கியது. பிறகு மேடையேறிக் கரகரவென்று பாடியது.

“சளிக்கும் இருமலுக்கும் கிருமி மாத்திரை கேட்காதே!
பாதியிலே நிறுத்தாதே, மிச்சத்தைப் பிறருக்கு நீட்டாதே!
கிருமி பழகிக்கொண்டால் மருந்து தோற்றுப்போகுமே!”

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்து வெள்ளாடு கவலையோடு எழுந்தது.

“அண்ணே, குரல் இன்னும் திறக்கலையே! இன்னொண்ணு தரட்டுமா?”

சேவல் தன் தலைப்பாகையைக் கழற்றி வாத்தின் தலையில் வைத்தது.

“வைத்தியர் வேஷத்தை நீயே கட்டிக்கோ. புத்திகெட்ட நோயாளி வேஷத்துக்கு என்னை விட்டா இங்கே ஆள் கிடையாது. ஆனா, அந்த வெள்ளாட்டை மட்டும் அடுத்த கூத்துக்குக் கூப்பிடாதே.”