ஐந்து போர்டுகள்

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கோடாகப் போட்டிருக்கிறது. அவன் கூரியர் பொட்டலத்தைப் பிரிக்கிறான். உள்ளே ஐந்து பச்சை சர்க்யூட் போர்டுகள். ஐந்துக்குக் குறைவாகச் செய்து தர மாட்டார்கள். கரண்ட் போனாலும் மனைவியின் மூச்சுக் கருவி பேட்டரியில் ஓடவேண்டும் என்று அவனே வரைந்தது. கடையில் ரெடிமேடாகவே இருந்தது. "அதையே வாங்கிடுங்களேன்" என்றாள். "அந்த மட்டமான சரக்கை நம்பி உன்னை விட மாட்டேன்" என்றான். கரண்ட் போன அன்று இந்தப் பொட்டலம் வந்திருக்கவில்லை. அவள் போய் இன்றோடு இருபது நாள். மச்சினன் டீ டம்ளரை மேசையில் வைக்கிறான். "சட்டை கேட்டா பருத்தி விதைக்கப் போற ஆளுன்னு அக்கா உங்களைச் சொல்லும், மாமா." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொள்கிறான். அவன் டம்ளரைத் தொடாமல் டிரான்சிஸ்டரை எடுத்துப் போர்டின் துளைகளில் பொருத்துகிறான். அதன் கால்கள் இடம் வலமாக மாறி நிற்கின்றன. கால்களைக் கீழிருந்து காட்டும் படத்தை மேலிருந்து காட்டுவதாக எண்ணிப் போர்டை வரைந்திருக்கிறான். அன்றைக்கே வந்திருந்தாலும் இது ஓடியிருக்காது. அடுத்த போர்டை எடுத்துப் பொருத்துகிறான். அதற்கடுத்ததையும். ஐந்தாவதையும். டீயில் ஆடை படிகிறது. "சரியா வந்திருக்கா மாமா?" "ம். சரியா இருக்கு."