வலது தோள்

'எல்லாருடைய கண்ணும் தோளில்தான் விழும். விழட்டுமே' என்று நினைத்துக்கொண்டாள் பவளம்.

1976. பிளாக்டவுன் மண்டபத்தில், பல நாடுகளிலிருந்து குடியேறிய பெண்கள் தங்களுக்குள் நாட்டு உடைகளை மாற்றி உடுத்தி மேடையேறும் விழா. பவளத்தின் சேலையை உடுத்தி நின்ற தாய்லாந்துக்காரி சோம்ஸ்ரீ, தன் பட்டுத் துண்டை அவளுடைய சட்டையின் மேலேயே சுற்றிக் காட்டினாள்.

"மார்பைச் சுற்றி, நுனியை இடது தோளுக்குப் பின்னால் விடு. வலது தோள் வெறுமையாக இருக்கவேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு உடுத்து வா."

கதவடியில் நின்ற கணவன் இந்திரகுமார் பாய்ந்தான். "உனக்கென்ன விசரே? எங்கட சனம் முழுக்க வந்திருக்கு. சட்டையோட உடு!"

"அப்பிடி உடுக்கிறேல்லையாம்."

"அப்ப மற்றப் பக்கம் மாத்திப் போடு. இடது தோள் தெரிஞ்சால் பரவாயில்லை."

பவளம் மறைப்புக்குப் பின்னால் போய் உடுத்துக்கொண்டு வந்தாள். சோம்ஸ்ரீ வாயைப் பொத்தினாள். வலது தோளில், இஸ்திரிப் பெட்டியின் கூர்நுனி அப்படியே பதிந்த தழும்பு.

"யார் செய்தது?"

பவளம் கணவனைப் பார்த்தாள்.

அவன் குரல் இறங்கியது. "பவளம், உம்மைக் கெஞ்சிக் கேக்கிறன். மூடும்."

"மாட்டன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் மேடைக்குப் போனாள்.