பெயர் எழுத வேண்டாம்

பதினேழாவது படிவத்தில் முத்திரை குத்தப் போன பிரிவுத் தலைவர் குவபாரா, கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

அது எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியும். படிவங்களைப் போட்டிருந்த பெட்டியைத் திறந்தவுடனே படித்துவிட்டேன்.

ஒரு நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தைக் கணினிமயமாக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. முதலில் அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பன்னிரண்டு கேள்விகள் தயாரித்து, மேலே 'பெயர் எழுத வேண்டாம்' என்று தடித்த எழுத்தில் போட்டு, பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

பெயர் வேண்டாம், சரி. ஆனால் பிரிவுத் தலைவரின் முத்திரை இல்லாமல் ஒரு காகிதம்கூட வாசலைத் தாண்டக் கூடாதாம். குவபாராவுக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

எட்டாவது கேள்வி இதுதான்: உங்கள் அலுவலக வேலையில் எதை நீக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை?

பதினாறு படிவங்களில் ஒரே பதில்: 'குறிப்பாக எதுவுமில்லை.'

பதினேழாவதில், கோணல்மாணலான எழுத்தில், 'தலைவரின் முத்திரை. அவர் எதையும் படித்துப் பார்ப்பதே இல்லை.'

உருப்படியாக எனக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான். அதுவும் போய்விட்டால், இருக்கிற காகிதத் தொல்லையை அப்படியே கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

குவபாரா எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசித்தார். இரண்டு தடவை.

"யாரு எழுத்து இது?"

பதினாறு தலைகளும் கோப்புகளுக்குள் புகுந்துகொண்டன. முன்வரிசையில் இருந்த தொக்கிவா, அடிக்காத போனை எடுத்து "மோஷி மோஷி" என்று ஹலோ சொன்னாள். எதிர்முனை பேசுவதுபோலத் தலையை வேறு ஆட்டினாள்.

அவர் மேசை மேசையாகப் போனார். ஒவ்வொருவர் நாட்காட்டியிலும் இருந்த கிறுக்கல்களோடு படிவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தொக்கிவாவின் மேசையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அவள் போனில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பேரு கேக்க மாட்டோம்னு வாக்கு குடுத்துதான் வாங்கினேன். நீங்க ஆளைக் கண்டுபிடிச்சுட்டா, இனிமே இங்க ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க."



அவர் என்னை முறைத்தார். முகம் சிவந்தது. மேசைக்குத் திரும்பி, தேநீர்க் கோப்பை துள்ளும்படி ஓங்கி ஒரு குத்து. சிவப்பு முத்திரை அந்தப் பதிலின் பக்கத்திலேயே பளிச்சென்று விழுந்தது.

"எடுத்துட்டுப் போங்க!"

பதினேழையும் அள்ளிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டு, லிஃப்டுக்கு ஓடினேன்.

கதவு மூடப்போகும்போது ஒரு கை குறுக்கே வந்தது. மணிக்கட்டைச் சுற்றி வலிக்கு ஒட்டும் பட்டை. தைல வாசனை.

குவபாரா தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஹயசே-சான், அந்த எட்டாவது பதிலை அறிக்கையில விட்டுடாதீங்க. எழுத்து புரியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. இடது கையால எழுதிப் பழக்கமில்ல."